கதிமானியும் செய்மதியும்: கதியளந்த கருவிகளின் வரலாறு

அளவை என்னும் சொல் தமிழிலே இரு பொருள் தருவது. நீளம், நிறை, காலம் முதலியவற்றை அளந்தறியும் கருவியும் அளவை. காட்சி, அநுமானம், உரை எனத் தருக்க நூலார் வகுத்துரைக்கும் பிரமாணமும் அளவை. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்தமை சிந்திக்கத்தக்கது. அளவுகருவி எதுவாயினும் அது நமக்கு ஒரு செய்தியைக் கூறும் சான்றேயாம். அச்சான்று எவ்வளவு நம்பத்தக்கது, எவ்விடத்திற் பிழைபடும், எப்பக்கம் சாயும் என்பவற்றை ஆராய்ந்த பின்னரே அதன் கூற்றை ஏற்றல் தகும்.

அளவைகளுள் கதியளவைக்கு ஒரு தனி இயல்பு உண்டு. நீளத்தைக் கோலோடு ஒட்டி வைத்துப் பார்க்கலாம். நிறையைத் தராசுத் தட்டில் இட்டுப் பார்க்கலாம். கதியையோ அங்ஙனம் பிடித்து வைத்துப் பார்த்தல் இயலாது. சென்ற தூரத்தையும் சென்ற காலத்தையும் தனித்தனி அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்து அதனைப் பெறல் வேண்டும். அன்றேல், கதியோடு மாறும் வேறொரு பொருளைக் கண்டு அதனால் உணர்தல் வேண்டும். ஆதலின் கதி பற்றிய கூற்று யாதாயினும், தருக்க நூலார் வழக்கிற் கூறின், அது காட்சியன்று, அநுமானமே. (பௌதிக நூலார் கதி, வேகம் என்னும் இரண்டையும் வேறுபடுத்துவர். திசையைக் கருதாது விரைவின் அளவை மாத்திரம் குறிப்பது கதி. இக்கட்டுரையில் இச்சொல் அப்பொருளிலேயே வழங்கும்.)

இன்று மோட்டார் வண்டி செலுத்துவோர் பலர் ஒரு முரண்பாட்டைக் காண்கின்றனர். வண்டியின் முகப்பிலுள்ள கதிமானி மணிக்கு 100 கிலோமீற்றர் எனக் காட்டுகின்றது. அதே கணத்தில், செய்மதிகளின் துணைகொண்டு கதியறியும் கைத்தொலைபேசி 94 எனக் காட்டுகின்றது. வண்டி ஒன்று, வீதி ஒன்று, எண்கள் இரண்டு. இவற்றுள் எது மெய்? எது பொய்? இவ்வினாவுக்கு விடை காண விழைவோர் இவ்விரு கருவிகளும் வந்த வழியை அறிதல் வேண்டும். அவ்வழி நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது, கடலிலே தொடங்குவது.

கயிறும் முடிச்சும்

கதியை ஒழுங்காக அளக்க முதலில் முயன்றோர் கடலோடிகளே. நிலவழிச் செல்வோனுக்கு மலையும் மரமும் ஊரும் அடையாளங்களாய் நிற்கும். நடுக்கடலில் அவை இல்லை. கப்பல் எத்திசையில், எவ்வளவு நேரம், எக்கதியில் ஓடிற்று என்பதைக் கொண்டே மாலுமி தன் இடத்தைக் கணித்தறிதல் வேண்டியிருந்தது. கதியிற் பிழைத்தவன் இடத்திற் பிழைப்பான். இடத்திற் பிழைத்தவன் இருளிலே பாறையில் மோதுவான்.

1574 ஆம் ஆண்டில் வில்லியம் போர்ண் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட கடலோட்ட நூலிற் கதியளக்கும் முறையொன்று விவரிக்கப்பட்டுள்ளது. மரத்துண்டொன்றைக் கயிற்றிற் கட்டிக் கப்பலின் பின்புறத்திலிருந்து கடலில் எறிவர். மரத்துண்டு நீரில் ஏறக்குறைய அசையாது நிற்க, கப்பல் முன்னே செல்லும்; கயிறு அவிழ்ந்தோடும். மணற்கடிகையின் மணல் இறங்கி முடியுமளவும் எவ்வளவு கயிறு ஓடிற்று என்று பார்ப்பர். பிற்காலத்தில், எண்ணுதற்கு எளிதாகக் கயிற்றில் ஒத்த இடைவெளிகளிலே முடிச்சுகள் இடப்பட்டன. ஒரு மணித்தியாலத்தில் ஒரு கடல் மைல் செல்லும் கதியை இன்றும் 'முடிச்சு' என்னும் பெயராலேயே மாலுமிகள் வழங்குதற்கு இதுவே காரணம்.

முடிச்சுகளின் இடைவெளி எவ்வளவாக இருத்தல் வேண்டும் என்பது கடல் மைலின் நீளத்தைப் பொறுத்தது. கடல் மைலோ பூமியின் சுற்றளவைப் பொறுத்தது; அகலக்கோட்டுப் பாகை ஒன்றின் அறுபதில் ஒரு கூறே அது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில மாலுமிகள் அதனை 5000 அடி எனக் கொண்டனர். அக்கணக்கின்படி அரை நிமிடக் கடிகைக்கு முடிச்சுகளின் இடைவெளி ஏறக்குறைய 42 அடி. இக்கணக்கு பிழையென நிறுவியவர் றிச்சட் நோர்வுட் என்னும் கணித ஆசிரியர். அவர் 1633 முதல் 1635 வரையில் இலண்டனிலும் யோர்க் நகரிலும் சூரியனின் உச்ச உயரத்தைக் கண்டு, அவ்விரு நகரங்களுக்குமிடைப்பட்ட நிலத்தையும் அளந்தார். பாகையொன்று 367,000 அடிக்குச் சற்று மேற்பட்டது என்னும் முடிபை 1637 இல் வெளியிட்டார். கடல் மைல் 5000 அடியன்று, ஏறக்குறைய 6120 அடி என்பது இதனாற் பெறப்பட்டது. இன்றைய அளவுக்கு இது மிக அணித்தானது. அதன்படி முடிச்சுகளின் இடைவெளி 51 அடி ஆதல் வேண்டும். எளிமை கருதி 50 அடியே போதும் என்றார் நோர்வுட்.

இதன் பொருளை நோக்குக. 42 அடிக் கயிற்றைப் பயன்படுத்திய கப்பல் மெய்யாகப் பத்து முடிச்சுக் கதியிற் செல்லும்போது, கயிறு பன்னிரண்டு முடிச்சுக்கு மேற் காட்டும். ஐந்தில் ஒரு பங்கு மிகைக்கூற்று! உண்மை தெரிந்த பின்னராவது மாலுமிகள் கயிற்றை உடனே திருத்தினரா எனின், இல்லை. கயிற்றைச் சற்றுக் குறுக்கி வைக்கும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. அவர் கூறிய நியாயம் இது: கணக்கு கப்பலுக்கு முன்னே ஓடினால் கேடில்லை, கரை வருமுன்னரே மாலுமி கரையை எதிர்பார்த்து விழித்திருப்பான். கணக்குப் பின்தங்கினாலோ, கரை தொலைவில் உள்ளது என்று அவன் உறங்கும்போதே கப்பல் பாறையில் ஏறிவிடும். ஆகவே, பிழை இருப்பின் அது காக்கும் பக்கத்திலே இருக்கட்டும் என்று அவர்கள் துணிந்தனர். இத்துணிபு பின்னொரு நூற்றாண்டில், வேறொரு கருவியிலே, சட்டமாகவே வரக் காண்போம்.

கயிற்றுக்கு மற்றொரு குறையும் இருந்தது. அது நீரைச் சார்ந்த கதியைக் காட்டியதேயன்றி நிலத்தைச் சார்ந்த கதியைக் காட்டவில்லை. நீரோட்டம் கப்பலையும் மரத்துண்டையும் ஒருங்கே இழுத்துச் செல்லும்போது கயிறு அதனை அறியாது. எதனைச் சார்ந்து அளக்கின்றோம் என்னும் வினா இங்ஙனம் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது.

சில்லின் சுற்று

நிலத்திலே அளத்தற்கு மனிதன் கையாண்ட சான்று சில்லு. கி. மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமச் சிற்ப நூலாசிரியர் விற்றூவியஸ், தூரமளக்கும் தேரொன்றைத் தம் பத்தாம் நூலில் விவரிக்கின்றார். தேர்ச் சில்லு ஒரு முறை சுழலும்போது பன்னிரண்டரை அடி தூரம் செல்லும். நானூறு சுற்றுக்கு 5000 அடி. அஃது ஓர் உரோம மைல். பற்சில்லுகளின் வாயிலாக இந்நானூறு சுற்றும் எண்ணப்பட்டு, மைலுக்கு ஒரு கூழாங்கல் பெட்டியில் விழும். பயண முடிவிற் கற்களை எண்ணினால் மைல்கள் தெரியும். சீன தேசத்திலும், லீ என்னும் தூரம் கடக்குந்தோறும் மரப்பொம்மையொன்று முரசறையும் தேர் பற்றிய குறிப்புகள் பழைய நூல்களில் உள.

இக்கருவிகள் தூரத்தைச் சொல்லின, கதியைச் சொல்லவில்லை. ஆயினும், பின்வந்த கதிமானிகள் அனைத்தினதும் அடிப்படை எடுகோள் இவற்றிலேயே பொதிந்திருக்கின்றது. சில்லின் சுற்றளவு என்றும் மாறாதது என்பதும், சில்லு சறுக்காமல் உருள்கின்றது என்பதுமே அவ்வெடுகோள். இது பிழைக்குமிடத்துக் கருவியும் பிழைக்கும். கயிறு நீரை நம்பியது போலச் சில்லு தன் சுற்றளவை நம்புகின்றது.

கதியைத் தொடர்ச்சியாக அறியவேண்டிய தேவை புகையிரதத்தோடு வந்தது. கணிப்பொறியின் முன்னோடியாகப் போற்றப்படும் சாள்ஸ் பாபேஜ், 1839 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் மேற்குப் பெரும் புகையிரத வீதியிலே பரிசோதனைப் பெட்டியொன்றை ஓடச்செய்தார். நீண்ட காகிதச் சுருளில் எழுதுகோல்கள் தாமே வண்டியின் இயக்கத்தையும் அதிர்வையும் வரையுமாறு அதனை அமைத்தார். விபத்து நேருமாயின், அதற்கு முன் வண்டி எக்கதியிற் சென்றது என்பதற்கு மனிதரின் நினைவையன்றிக் கருவியின் பதிவையே சான்றாகக் கொள்ளல் வேண்டும் என்பது அவர் கருத்து. கதியளவை என்பது நீதியோடு தொடர்புடைய காரியம் என்பதனை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

சட்டமும் கதிமானியும்

மோட்டார் வண்டி வீதிக்கு வந்ததும் இத்தொடர்பு வெளிப்பட்டது. இங்கிலாந்தில் 1865 ஆம் ஆண்டுச் சட்டம், தாமே இயங்கும் வண்டிகளுக்கு நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலும் ஊர்களுக்குள் 2 மைலும் வரம்பாக விதித்திருந்தது. 1896 சனவரியில் கென்ற் மாகாணத்தில் ஒருவர் 2 மைல் வரம்புள்ள இடத்தில் 8 மைல் கதியிற் சென்றார் எனத் தண்டிக்கப்பட்டார். துவிச்சக்கர வண்டியில் ஏறித் துரத்திய பொலிஸ்காரரே அவரைப் பிடித்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் வரம்பு 14 மைலாகவும், 1903 ஆம் ஆண்டுச் சட்டத்தால் 20 மைலாகவும் உயர்த்தப்பட்டது.

1903 ஆம் ஆண்டுச் சட்டத்தில் நம் கவனத்துக்குரிய ஏற்பாடொன்று உண்டு. 20 மைல் வரம்பை மீறினார் என்று ஒருவரைத் தண்டிப்பதற்கு, கதியைப் பற்றிய ஒரேயொரு சாட்சியின் அபிப்பிராயம் மாத்திரம் போதாது என்பதே அது. கண்ணாற் கண்டு கதியை மதிப்பிடுதல் எளிதிற் பிழைக்கும் என்பதைச் சட்டமியற்றியோர் அறிந்திருந்தனர். ஆகவே இரண்டாம் சான்றொன்றை வேண்டினர். பொலிஸார் அளந்து குறித்த தூரத்தின் இரு முனைகளிலும் மறைந்து நின்று, நிறுத்தற் கடிகாரத்தால் வண்டி கடக்கும் நேரத்தைக் கணித்தனர். இம்மறைவுகளைப் பற்றி ஓட்டுநர்களை எச்சரிப்பதற்காகவே 1905 இல் மோட்டார்ச் சங்கம் ஒன்று அங்கே தோன்றியது.

கதிக்கு வரம்பு விதித்த சட்டம், கதியறியும் கருவியை வண்டியில் வைக்குமாறு நெடுங்காலம் கட்டளையிடவில்லை என்பது வியப்புக்குரியது. இங்கிலாந்தில் கார்களுக்கான பொது வரம்பு 1930 இல் நீக்கப்பட்டு, ஊர்ப்பகுதிகளுக்கு 30 மைல் வரம்பு 1935 இல் வந்தது. புதிய கார்களிற் கதிமானி இருத்தல் வேண்டும் என்னும் கட்டாயம் 1937 இலேயே வந்தது. அதுகாறும் ஓட்டுநன் தான் அறியாத ஒன்றுக்காகத் தண்டிக்கப்படும் நிலையும் இருந்தது எனலாம்.

கருவியோ அதற்கு முன்னரே பிறந்துவிட்டது. 1888 இல் யோசிப் பெலுசிச் என்பவர் ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் மின்சாரக் கதிமானி ஒன்றுக்கு உரிமை பெற்றார். உலகெங்கும் பரவிய வகையோ 1902 ஒக்டோபரில் ஸ்திராஸ்பூர்க் நகரத்து ஒற்றோ சுல்சே ஜேர்மனியில் உரிமை பெற்ற சுழியோட்டக் கதிமானியாகும்.

அதன் அமைப்பு எளிது, நுட்பமோ பெரிது. வண்டியின் பற்சில்லுப் பெட்டியிலிருந்து வளையத்தக்க கம்பி வடமொன்று முகப்பு வரையும் வந்து, அங்கே காந்தமொன்றைச் சுழற்றும். காந்தத்தைத் தொடாமல் அதனைக் கவிந்தவாறு அலுமினியக் கிண்ணமொன்று இருக்கும். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் மின் சுழியோட்டங்கள் தோன்றி, கிண்ணத்தையும் உடன் இழுக்கும். மயிரிழை போன்ற சுருள்வில்லொன்று கிண்ணத்தைப் பிடித்து நிற்பதால், அது முழுதும் சுழலாது கதிக்கேற்ற அளவு திரும்பி நிற்கும். கிண்ணத்தோடு பொருத்திய முள் எண்ணைக் காட்டும். சுழலும் உலோகத் தட்டுக்கும் காந்தத்துக்கும் உள்ள இவ்வுறவை 1824 இல் அரகோ கண்டார். 1831 இல் மின் தூண்டலைக் கண்ட பரடே அதற்கு விளக்கம் தந்தார். ஆய்வுகூடத்து விந்தை எண்பது ஆண்டுகளில் வீதிக்கு வந்தது.

இக்கருவி வழுவும் இடங்கள் பல. காந்தம் ஆண்டுகள் செல்ல வலிகுன்றும், சுருள்வில் தளரும், வெப்பம் ஏறினால் அலுமினியத்தின் மின்றடை கூடி இழுவை குறையும். இவையனைத்தும் கருவியின் உள்ளே நிகழ்வன. இவற்றினும் முதன்மையானது வெளியேயுள்ள சில்லு. 600 மில்லிமீற்றர் விட்டமுள்ள புதிய சில்லொன்றின் ரயரில் 8 மில்லிமீற்றர் ஆழத்துக்குத் தவாளிப்பு இருப்பதாகக் கொள்வோம். அது 1.6 மில்லிமீற்றர் வரை தேயுமாயின் விட்டம் 12.8 மில்லிமீற்றர் குறையும். அஃதாவது நூற்றுக்கு இரண்டு. சுற்றளவு குறைந்த சில்லு அதே தூரத்தைக் கடக்கக் கூடிய தடவை சுழலும். கதிமானி நூற்றுக்கு இரண்டு கூட்டிச் சொல்லும். காற்றுக் குறைந்த ரயரும் அவ்வாறே. மாறாக, தயாரிப்பாளர் குறித்ததிலும் பெரிய ரயரைப் பூட்டினால் கதிமானி குறைத்துச் சொல்லும், இது ஆபத்தானது.

பிற்காலத்தில் வடமும் காந்தமும் நீங்கின. சில்லின் சுழற்சியை மின் துடிப்புகளாக எண்ணும் உணரிகள் வந்தன. எண்ணுதலிற் பிழை ஏறக்குறைய இல்லாதொழிந்தது. ஆயினும் முகப்பிலுள்ள எண் மெய்யான கதியோடு ஒன்றவில்லை. ஏன்?

சாய்வே விதியானமை

ஏனெனில், அவ்வாறு ஒன்றாதிருத்தலைச் சட்டமே அனுமதித்தது. ஒரு பக்கத்துச் சாய்வை வேண்டவும் செய்தது. 1975 இல் ஐரோப்பிய சமூகத்தின் பணிப்புரையும், 1978 இல் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 39 ஆம் இலக்க ஒழுங்குவிதியும் இதனைத் தெளிவுற வகுத்தன. கதிமானி காட்டும் எண் மெய்க்கதியிலும் ஒருபோதும் குறைதல் ஆகாது. மிகினும், மெய்க்கதியின் பத்தில் ஒரு பங்கோடு 4 கிலோமீற்றர் கூட்டிய அளவுக்கு மேற் போகலாகாது. மெய்க்கதி 40 ஆயின் முகப்பு 40 முதல் 48 வரை காட்டலாம். 80 ஆயின் 92 வரை. 100 ஆயின் 114 வரை. ஆனால் 99 எனக் காட்டினும் அக்கருவி விதியை மீறியதாகும்.

எல்லா நாடுகளும் இவ்வழியைக் கைக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் வணிகப் பார ஊர்திகளுக்கான விதி, 50 மைல் கதியில் 5 மைல் கூடினும் குறையினும் பொறுக்கின்றது. அது துலாக்கோல் போல நடுவே நின்று இருபுறமும் ஒத்த பிழையை ஏற்பது. ஐரோப்பிய விதியோ பிழை முழுவதையும் ஒரு பக்கத்துக்குத் தள்ளுவது. பின்னதன் கீழ்க் கதிமானி செய்யும் தயாரிப்பாளன், ரயர் புதிதாயினும் பழையதாயினும், வெயிலாயினும் குளிராயினும், எண் மெய்யிலும் குறையாதிருத்தற்பொருட்டு முன்கூட்டியே சற்றுக் கூட்டி வைக்கின்றான். கயிற்றைக் குறுக்கிய மாலுமியின் நியாயமும் இதுவே. முன்னது வழக்கம், பின்னது சட்டம். வேறுபாடு அவ்வளவே.

பழைய சான்றுச் சட்டமும் இக்காலத்தில் மறைந்துவிடவில்லை. ஒரு சாட்சியின் அபிப்பிராயம் போதாது என்னும் ஏற்பாடு இங்கிலாந்தின் 1984 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்றது. 1950 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவரைப் பின்தொடர்ந்த பொலிஸ்காரர் ஒருவரே. அவர் தம் வண்டியின் கதிமானியைப் பார்த்துக் கதியைக் குறித்திருந்தார். அக்கதிமானி சோதிக்கப்பட்டது என்பதற்கு ஆதாரம் காட்டப்படவில்லை. ஆயினும் கதிமானியின் எண் வெறும் அபிப்பிராயமன்று, அது வேறான சான்று என்று நீதிமன்றம் ஏற்றது. உயிரற்ற கருவி மனிதனுக்குத் துணைச் சாட்சியாக ஏறிய இத்தீர்ப்பு, கருவியின் செம்மையை ஆராய்தல் எவ்வளவு இன்றியமையாதது என்பதையும் உணர்த்துகின்றது.

ஒலியிலிருந்து வானொலிக்கு

இனி, சில்லைச் சாராத இரண்டாம் சான்றின் வரலாற்றை நோக்குவோம். 1842 இல் பிராக் நகரில் கிறிஸ்தியன் டொப்ளர் என்னும் பேராசிரியர், அலையை எழுப்பும் பொருளோ அதனைப் பெறுபவனோ அசையுமாயின் அலையின் மீடிறன் மாறித் தோன்றும் என்று கூறினார். அவர் கருதியது விண்மீன்களின் ஒளியை. அதனை ஒலியிற் சோதித்தவர் ஒல்லாந்த அறிஞர் பைஸ் பலோற். 1845 இல் யூட்ரெக்ற் நகரை அடுத்த புகையிரத வீதியில், எக்காளம் ஊதுவோரை வண்டியில் ஏற்றி, சுருதியறியும் செவியுடையோரை வழியிலே நிறுத்தினார். வண்டி அணுகும்போது சுருதி ஏறியும் அகலும்போது தாழ்ந்தும் கேட்டது. கதியைச் சுருதியால் அறியலாம் என்பது அன்று உறுதியாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீதியோரப் பொலிஸார் கையாண்ட றேடார்க் கருவியும் இவ்விதியையே கொண்டது.

1957 ஒக்டோபர் 4 ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் முதற் செய்மதியை ஏவியது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்துப் பிரயோக பௌதிக ஆய்வுகூடத்தில் வில்லியம் கையர், ஜோர்ஜ் வைபன்பாக் என்னும் இருவர் அதன் வானொலி ஒலிப்பைக் கேட்டனர். செய்மதி அணுகி அகலுகையில் மீடிறன் மாறுவதை அளந்து, ஓரிடத்தில் இருந்தவாறே அதன் பாதையைக் கணித்தனர். 1958 இல் அவர்களின் தலைவர் பிராங்க் மக்கிளூர் வினாவைத் திருப்பிப் போட்டார்: நாம் இருக்கும் இடத்தை அறிந்து செய்மதியின் பாதையைக் கணிக்கலாமாயின், செய்மதியின் பாதையை அறிந்து நாம் இருக்கும் இடத்தைக் கணிக்கலாகாதா? இவ்வினாவிலிருந்து பிறந்தது, 1960 இல் முதற் செய்மதி வெற்றியாக ஏவப்பட்டு 1964 முதல் 1996 வரை பணிசெய்த ட்ரான்சிற் முறைமை.

அதன் பின்தோன்றலே ஜீ. பீ. எஸ். என வழங்கும் செய்மதி இடங்காண் முறைமை. 1973 இல் அமெரிக்கப் படைத்துறை அதனைத் திட்டமிட்டது. 1978 இல் முதற் செய்மதி ஏவப்பட்டது. 1995 இல் முறைமை முழுமை பெற்றது. 1983 செப்டெம்பரில் வழிதவறிய தென்கொரியப் பயணிகள் விமானமொன்று சோவியத் படையாற் சுடப்பட்டு 269 பேர் மாண்டபின், அம்முறைமை பொதுமக்களுக்கும் இலவசமாகத் திறந்துவிடப்படும் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. ஆயினும் பொதுமக்களுக்கான சமிக்ஞையிலே வேண்டுமென்றே பிழை புகுத்தப்பட்டிருந்தது. இடம் நூறு மீற்றர் வரையும் வழுவியது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. ஆக, ஓட்டுநனின் கையில் இன்று உள்ள இரண்டாம் சான்றும் ஒருகாலத்தில் ஆணையினாற் பொய் கூறியதே.

இச்செய்மதிகள் ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் அணுக் கடிகாரம் தாங்கியது. சார்புக் கொள்கையின்படி அக்கடிகாரங்கள் நிலத்துக் கடிகாரத்திலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 38 மைக்குரோ செக்கன் விரைந்து ஓடும். அதனைத் திருத்தாவிடின் நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவில் தூரக்கணக்குப் பிழைக்கும். கருவி கதியறியும் விதம் இது: செய்மதியின் முதன்மைச் சமிக்ஞையின் அலைநீளம் ஏறக்குறைய 19 சதமமீற்றர். ஆகவே வண்டி செய்மதியை நோக்கி செக்கனுக்கு ஒரு மீற்றர் கூடுதலாக நெருங்கினால், செக்கனுக்கு ஐந்து அலைகளுக்குச் சற்றுக் கூடுதலாக வந்து சேரும். செய்மதியின் ஓட்டத்தால் வரும் மாற்றம் கணக்கில் தெரிந்ததாதலின் அதனைக் கழித்துவிடலாம். நான்கு செய்மதிகளை ஒருங்கே கேட்டால், வண்டியின் கதியும் திசையும், கருவியின் கடிகாரப் பிழையும் தீர்ந்துவிடும். இங்கே சில்லும் இல்லை; ரயரும் இல்லை.

இரு சான்றுகளின் ஒப்பு

இவ்விரண்டையும் ஒப்பிடுகையில் முதலிற் கூறத்தக்கது, திறந்த வெளியில், நேரான வீதியில், ஒரே சீரான கதியிற் செல்லும்போது செய்மதிக் கருவியே மெய்க்கு அணித்தது என்பதாகும். அந்நிலையில் அதன் பிழை மணிக்கு ஒரு கிலோமீற்றருக்கும் பொதுவாகக் குறைவு. கதிமானியின் சட்டம் பொறுக்கும் பிழையோடு நோக்க இது மிகச் சிறிது.

ஆயின், நிலைமை மாறும்போது தீர்ப்பும் மாறும். சுரங்க வழியிற் செய்மதி தெரியாது. உயர்ந்த கட்டிடங்களுக்கிடையே சமிக்ஞை சுவர்களில் மோதித் தெறித்து வந்து கருவியை மயக்கும். பல கருவிகள் செக்கனுக்கு ஒரு முறையே புதிய எண்ணைத் தருவன. முந்திய எண்களோடு கலந்து சமன்செய்து தருவனவும் உண்டு. மணிக்கு 100 கிலோமீற்றர் கதியில் ஒரு செக்கனில் வண்டி ஏறக்குறைய 28 மீற்றர் சென்றுவிடும். ஓட்டுநன் தடுப்பை அழுத்தும்போது செய்மதிக் கருவி கூறுவது சற்று முன்னைய கதி. கதிமானியே அக்கணத்தை விரைந்து காட்டுவது. அன்றியும், அடுத்தடுத்த இடங்களை நேர்கோட்டால் இணைத்துக் கதியைக் கணிக்கும் கருவிகள் வளைவான வீதியிற் குறைத்துச் சொல்லும். கிடைத்தூரத்தை மாத்திரம் கொள்வன ஏற்றத்திலும் அவ்வாறே. பத்துக்கு ஒன்று ஏறும் வீதியில் அக்குறை நூற்றுக்கு அரைப் பங்கு. செய்மதிக் கருவியின் பிழை சூழ்நிலைக்கேற்பக் கூடியும் குறைந்தும் வருவது. கதிமானியின் பிழை பெரிதாயினும் எப்பக்கத்தது என்று முன்னரே தெரிந்தது.

இவற்றை நடுநின்று தீர்க்கும் மூன்றாம் சான்றும் உண்டு, அதற்குப் பொருட்செலவில்லை. வீதியோரக் கிலோமீற்றர்க் கற்களே அவை. ஓட்டுநன் ஒரே கதியைப் பேண, அருகிலிருப்பவர் இரு கற்களுக்கிடையே சென்ற நேரத்தைக் கடிகாரத்தாற் கணிக்கலாம். 72 செக்கனாயின் கதி மணிக்கு 50 கிலோமீற்றர். 60 செக்கனாயின் 60. பல கற்களைக் கடந்து சராசரி எடுத்தால் கைப்பிழை குறையும். நம் மாணவர் ஆசிரியரின் மேற்பார்வையிற் செய்து பார்க்கத்தக்க நல்ல பரிசோதனை இது.

முடிவுரை

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி விடை கூறலாம். கதிமானி 100 எனக் காட்டும்போது, மேற்கூறிய ஐரோப்பிய விதியின்படி மெய்க்கதி ஏறக்குறைய 87 முதல் 100 வரை எங்கும் இருக்கலாம். கைத்தொலைபேசி கூறிய 94 அவ்வெல்லைக்குள் அடங்கும். ஆதலின் இரு சான்றுகளும் முரண்படவில்லை. 'வண்டி எக்கதியிற் செல்கின்றது?' என்பதற்குச் செய்மதி விடை கூறுகின்றது. 'எக்கதிக்கு மேல் நிச்சயமாகச் செல்லவில்லை?' என்பதற்குக் கதிமானி விடை கூறுகின்றது. வினாக்கள் இரண்டாதலின் விடைகளும் இரண்டாயின.

இவ்வேறுபாட்டை அறிந்தோர் சிலர் அதனைத் தவறாகப் பயன்படுத்துகின்றனர். கதிமானி மிகைத்துச் சொல்வதுதானே என்று எண்ணி, 50 வரம்புள்ள ஊர்த்தெருவில் முகப்பு 55 காட்டும் வரை விரைகின்றனர். இவர்கள் தம் வண்டியின் சாய்வு எவ்வளவு என்பதை அளந்தறிந்தவரல்லர். பிறர் வண்டிக்குப் பொருந்திய கணக்கைத் தம் வண்டிக்கு ஏற்றிக் கொண்டவரே. பெரிய ரயர் பூட்டிய வண்டியில் அச்சாய்வு முழுதும் அழிந்திருக்கலாம். மெய்க்கதி 50 இலிருந்து 55 ஆனால் இயக்கச்சத்தி நூற்றுக்கு 21 கூடும். தடுத்து நிறுத்தும் தூரமும் அவ்வீதத்திற் கூடும். அத்தூரத்தின் முடிவில் நிற்பது பாடசாலை விட்டு வரும் பிள்ளையாகவும் இருக்கலாம்.

வரலாறு கூறும் பாடம் ஒன்றே. நோர்வுட் மெய்யான மைலைக் கண்ட பின்னரும் கயிற்றைக் குறுக்கி வைத்த மாலுமி அறிவிலியல்லன். மெய்யளவு வேறு, காப்பளவு வேறு என்பதை உணர்ந்தவன். மெய்யளவை அறிதல் அறிவியலின் கடமை. காப்பளவைப் பேணுதல் வீதியிற் செல்வோனின் கடமை. செய்மதி முன்னதை நமக்கு எளிதாக்கியுள்ளது. அதுகொண்டு பின்னதை இழப்போமாயின் கருவி திருந்தியும் நாம் திருந்தாதவராவோம்.